ஷெர்ஸோ என்று சொல்லச் சொன்னாய்

காலையில் மகள் வயலின் பெட்டியைத் திறந்தாள். வில்லில் தேய்க்கும் பிசினின் வாசம் எங்கள் டோம்பிவிலி வீட்டின் கூடத்தில் பரவியது. உன் விரல்களில் எப்போதும் இருந்த வாசம். நீ இறந்துபோன பிறகு முதல் முறையாக உன்னோடு பேசத் தோன்றியது.

தாராவியில் நம் கிறிஸ்தவக் கோவிலின் பாடகர் குழுவில் நாம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியவர்கள். சயான் அரங்கில் மேற்கத்திய இசைக் கச்சேரிகளை அறிவிக்க ஒரு பெண் தேவைப்பட்டபோது, நம் இருவரையும் அடுத்தடுத்த நாட்களில் மேடையேற்றிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். முதல் நாள் எனக்கு. தாளில் இருந்த 'Scherzo' போன்ற இத்தாலிய இசைப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. நீதான் மாட்டுங்காவில் வயலின் கற்றுக்கொண்டிருந்தாயே, வேறு யாரைக் கேட்பேன்?

"ஷெர்ஸோன்னு சொல்லுட்டி. நடுவுல கெடக்க எழுத்தெல்லாம் சும்மா. எங்க சார்ட்ட கேட்டுட்டுத்தான் சொல்லுதேன்" என்றாய். ரயிலில் எதிரே உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாய். நான் தயங்கியபோது என் கன்னத்தைக் கிள்ளினாய்.

மேடையில் நான் அதைச் சொன்னதும் முன்வரிசையில் சிரிப்பு. வயலின் வாசிக்க வந்தவர் மைக்கின் பக்கம் குனிந்து, "ஸ்கெர்ட்ஸோ" என்று திருத்தினார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குக் காது கொதித்தது. அப்போதும் உன்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. உன் சார்தான் தவறாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்து, நாளைக்கு நீயும் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று உன்னிடம் ஓடிவந்து சொன்னேன்.

"அப்படியாட்டி?" என்று கண்ணை விரித்தாய்.

மறுநாள் நீ ஒரு சொல்லில்கூடத் தடுமாறவில்லை. கீழே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் சார் இந்தியில் பெருமைப்பட்டுக்கொண்டார்: ஸ்கெர்ட்ஸோ எல்லாம் உனக்கு முதல் வருடமே சொல்லிக்கொடுத்தாராம். வேலை உனக்குக் கிடைத்தது. நான் பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்தினேன்.

பல வருடம் கழித்து, நீ ஆஸ்பத்திரியில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு வந்தேன். நீயாகவே சொன்னாய்: "தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன் எஸ்தர். நீ ஒழுங்கா பேசியிருந்தா ஒன்னையத்தான எடுத்திருப்பாங்க."

மன்னிப்புக் கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ தண்ணீர் கேட்டாய். கொடுத்தேன்.

இப்போது எனக்குப் பிரியமானவர்கள் எதைச் சொன்னாலும், வெளியில் வேறு யாரிடமாவது ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். என் கணவர் சொல்வதையும்தான். பாவம், அவருக்கு அது தெரியாது.