தேவகி வாசலில் மஞ்சள் முட்டை

நவம்பர் 10, திங்கள்

விடியும் முன்பே மழை. கோழிக்கூட்டின் தகரத்தில் ஓட்டை. அடைக்க வேண்டும்.

வெடைக்கோழிகள் நாலும் கேற ஆரம்பித்துவிட்டன. இன்னும் ஒரு முட்டைகூட இல்லை, சத்தம் மட்டும் ஒரு பண்ணைக்குக் காணும். முதல் முட்டைக்கு முன்னால் இப்படித்தான். இடம் தேடும், பதறும், ஊரைக் கூட்டும். இரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

பக்கத்து வீட்டுத் தேவகி வேலியோரம் வந்து நின்றாள். மகள் ஷர்மிளா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். ராத்திரியெல்லாம் தூக்கமில்லையாம். காலையில் கண்ணயரும் நேரம் பார்த்து என் கோழிகள் கத்துகின்றனவாம். நகராட்சி மஜ்லிசுக்குப் போன் அடித்தால் ஆள் வந்து கூட்டோடு தூக்கிக்கொண்டு போவானாம்.

எதிர்வீட்டு நாய் விடிய விடியக் குரைக்கிறது. அது காவல். கோழி கேறினால் தொல்லை.

வாங்க: ஆணி, தவிடு, மஞ்சள் தூள்.

நவம்பர் 12, புதன்

வெயில். முதல் முட்டை. கறுப்பியுடையது. பெட்டி செய்து வைத்திருக்கிறேன், அதில் போடாமல் தண்ணீர்ச் சட்டி பக்கத்தில் போட்டிருக்கிறது. ஓடே இல்லை. தோல் முட்டை, விரலால் அமுக்கினால் பள்ளம். மேலே ரத்தக் கோடு. கோழியைத் தூக்கிப் பார்த்தேன், பின்புறம் கிழிந்திருக்கிறது. சின்ன உடம்பு, அவசரப்பட்டுவிட்டது.

மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தாராளமாகப் பூசினேன். ஜொகூர் பாருவிலிருந்து என் மகள் போன். மிருக டாக்டரிடம் காட்டச் சொல்கிறாள். மஞ்சளுக்கு மேல் அவன் என்ன தரப்போகிறான்? பாலோ ஊர்ச் செம்பனை எண்ணெய் மில்லில் பாய்லருக்கு நெருப்புப் போட்ட காலத்திலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன்.

ஓடு கெட்டியாகச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மீ கோரேங் கடையில் கெராங் சிப்பி ஓடு கேட்டேன். ஒரு பை நிறையக் கொடுத்தான். கழுவிக் காயவைத்தாயிற்று.

நவம்பர் 13, வியாழன்

கெராங் ஓட்டை உரலில் இடித்துக்கொண்டிருந்தேன். கோழிகளை வெளியே விட்டிருந்தேன். முன்பக்கம் தேவகியின் அலறல்.

அவள் வீட்டுச் செருப்பு அலமாரியில், கீழ்த்தட்டில், ஒரு முட்டை. தோல் முட்டை. சுற்றிலும் மஞ்சள், நடுவில் சிவப்பு. தலைப்பிரசவத்துக்கு வந்த பிள்ளை செருப்பு மாட்டக் குனிந்தபோது பார்த்திருக்கிறாள்.

எனக்கு உடனே புரிந்தது. கறுப்பி இரும்புக் கேட்டுக்குக் கீழே நுழைந்து போயிருக்கிறது. மஞ்சள் என் மஞ்சள், ரத்தம் அதன் ரத்தம். சொல்லப் போனேன். தேவகி என்னைப் படி ஏறவிடவில்லை.

"கோழியப் பத்திச் சொன்னதுக்கு இப்படியாண்ணே? வயித்துப் பிள்ளக்காரி இருக்கிற வீடு இது."

நான் மை வைத்தேனாம். செய்வினை முட்டையாம். நான்! இவள் புருஷன் செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவன். ஒரு எலுமிச்சம்பழத்தை மந்திரித்துக்கூடக் கட்டாதவன்.

கறுப்பியைத் தூக்கிவந்து பின்புறத்து மஞ்சளைக் காட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பர் 14, வெள்ளி

மப்பு. மழை இல்லை.

தேவகி வீட்டுக்குப் பூசாரி வந்தார். எலுமிச்சை வெட்டி, குங்குமம் தடவி, நாலு மூலைக்கும் எறிந்தார். ஒரு பாதி என் வாசலுக்கே உருண்டு வந்தது. "ரொம்ப தூரத்துல இல்ல, பக்கத்துலதான்" என்றாராம். பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சாக்கடை.

மளிகைக் கடையில் இரண்டு பெண்கள். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் நிற்பது தெரியாது.

"அவரு கோழி வளர்க்கிறதே அதுக்குத்தானாம்லா."

"அதான் பொண்டாட்டி செத்துப் போயும் ஆளு கல்லு மாதிரி இருக்காரு."

தவிடு வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஷர்மிளா சரியாகச் சாப்பிடவில்லையாம். குளுவாங்கில் இருக்கும் மாமியார் வீட்டுக்கே போகிறேன் என்று அழுகிறாளாம். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் என் பெயர்தான். அது பள்ளிக்கூடம் போகும் வயதிலும் என் பெயர்தான். கோழி போனால் போகட்டும், வேறு வாங்கலாம். இந்தப் பெயரைக் கழுவ எங்கே போவது?

நவம்பர் 15, சனி

கோழிகளை நேற்றிலிருந்து அடைத்தே வைத்திருக்கிறேன். பெட்டியில் பிங்பாங் பந்து ஒன்று போட்டேன், முட்டை என்று நம்பட்டும் என்று. நம்பிவிட்டது. செவலை பெட்டியில் போட்டது. கறுப்பியும் உள்ளே போய் உட்கார்ந்து, கேறி, அழகாகப் போட்டுவிட்டு வந்தது. ஓடு கெட்டி. கெராங் வேலை செய்கிறது.

சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது. இனி அது அங்கே போகாது. ஒழுங்காகப் பெட்டியில் போடும். என் சாட்சியை நானே திருத்திவிட்டேன்.

நாளை மறுபடியும் பூசையாம். கேட்டில் காப்புக் கட்டப் போகிறார்களாம்.

யோசித்தேன். பெட்டியைக் கழற்றி சாமான் அறையில் போட்டுவிட்டேன். பந்தையும்.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல வெயில். பூசாரி வந்து கற்பூரம் ஏற்றும்வரை காத்திருந்தேன். பிறகு கூட்டைத் திறந்துவிட்டேன். கறுப்பியை மட்டும்.

பெட்டி இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. காணோம். கேற ஆரம்பித்தது. அப்படி ஒரு கேறல் நான் கேட்டதில்லை. கத்திக்கொண்டே முன்பக்கம் வந்து, கேட்டுக்குக் கீழே நுழைந்து, பூசாரியின் காலைத் தாண்டிப் போனது. அவர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

தேவகி துடைப்பத்தை எடுத்தாள். நான் ரோட்டில் நின்றபடியே சொன்னேன்:

"அடிக்காத தேவகி. என் பேர உன் வாசல்ல வச்சிருக்கே. அத எடுத்துக்கத்தான் வந்திருக்கு."

துடைப்பம் அப்படியே நின்றது. கறுப்பி செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் ஏறி, ஷர்மிளாவின் செருப்பின்மேல் உட்கார்ந்தது.

கோழி உட்கார்ந்ததும் போட்டுவிடாது. எல்லாரும் காத்திருந்தோம். பூசாரி இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டும் என்றார், ஆனால் போகவில்லை, குந்திக்கொண்டார். ஷர்மிளா நாற்காலி இழுத்துப்போட்டு வாசலிலேயே உட்கார்ந்தாள். கோழி முக்கும்போது அவள் முகமும் சுருங்கியது.

"அம்மா, இதப் பாக்க எனக்கே இடுப்பு வலிக்குதும்மா."

பூசாரிதான் முதலில் சிரித்தார்.

கறுப்பி எழுந்தது. முட்டை. சின்னது, கெட்டி ஓடு, ஒரு பக்கம் லேசாக மஞ்சள். ஷர்மிளா குனிய முடியாமல் குனிந்து தானே எடுத்தாள். சூடாக இருக்கிறது என்றாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

பூசாரி தோஷம் கழிந்துவிட்டது என்றார். கழிந்ததாம். யாரால்?

தேவகி மன்னிப்புக் கேட்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, "கோழியக் கூட்டிக்கிட்டுப் போங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான். மூன்று நாள் ஊர் என்னைச் சூனியக்காரன் என்றதற்கு, கோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

முட்டையையும் திருப்பித் தரவில்லை.

நவம்பர் 19, புதன்

காலையிலிருந்து தூறல். தகர ஓட்டை இன்னும் அடைக்கவில்லை.

பெட்டியைத் திரும்பக் கூட்டில் வைத்து மூன்று நாள். செவலை போடுகிறது. சாம்பலும் தொடங்கிவிட்டது. புள்ளி இன்னும் கத்தல் மட்டும்தான். கறுப்பியுடையது மட்டும் ஒன்றுகூட இல்லை. மறுபடி புண்ணோ என்று தூக்கிப் பார்த்தேன். ஆறியிருக்கிறது. இரையும் நன்றாக எடுக்கிறது.

இன்று பின்னாலேயே போனேன். நேராகக் கேட்டுக்குக் கீழே. தேவகி வீட்டுச் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு செருப்பும் இல்லை. பழைய கைலி ஒன்றை மடித்து மெத்தைபோல் போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு சிரட்டை. அதில் அரிசி.

அவர்கள் அடுப்படியிலிருந்து நல்லெண்ணெயில் முட்டை வேகும் வாசனை. பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? வேலியோரம் வந்து ஒரு வார்த்தை கேட்டால் நாலு கோழி முட்டையையும் தட்டில் வைத்துக் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்தால் அதற்கு என்ன பெயர்? நான் வைத்தால் செய்வினை, அவர்கள் எடுத்தால் பத்தியச் சாப்பாடு.

என் கேட்டுக்குக் கீழே பலகை அடிக்கலாம். ஆணி இருக்கிறது. மழை விடட்டும்.

கறுப்பி அந்தப் பக்கம் கேறிக்கொண்டிருக்கிறது, ஊரே கேட்க. மஜ்லிசுக்கு யாரும் போன் அடிக்கவில்லை.