மலை சரியாத நாடகம்

இன்று காலை மழை விட்டதும் சாக்கு விரிப்பை வெளியே எடுத்துக் காயப் போட்டேன். பதினாறு கோணிச் சாக்குகளைப் பிரித்து நீ கையால் தைத்த விரிப்பு. நம் நாடகத்துக்கு மேடை என்று இருந்தது அது மட்டும்தான். நனைந்த சணலின் வாடை வாசல் முழுக்கப் பரவி நின்றது. அதை முகர்ந்துகொண்டு நின்றபோது, இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நீ போய் ஒன்பது மாதமாகிறது. நாடகம் தோட்டங்களுக்குப் போனதா, போன இடத்தில் எடுபட்டதா என்றுதான் நீ முதலில் கேட்பாய். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

'ஏழாம் நம்பர் மலை' நமக்கு இருபது வயதில் கிடைத்த பாட்டு நாடகம். செல்லாயி என்று கொழுந்து பறிக்கும் பெண். அடைமழையில் ஏழாம் நம்பர் மலை சரிந்து அவள் புருஷன் மண்ணுக்குள் போகிறான். மறுவாரமே அதே மலைக்கு அவளை வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். அவள் முடியாது என்கிறாள். கடைசிக் காட்சியில் மலை இன்னொரு முறை சரிந்து அவளையும் கொண்டுபோகிறது. நான் செல்லாயி. நீ திரைக்குப் பின்னால். மலை வரைந்த பெரிய படுதாவைக் கயிற்றை இழுத்து விழவைப்பதும், தகர டின்னில் கல்லைப் போட்டு உருட்டுவதும் உன் வேலை. சனம் அந்த ஒரு நிமிடத்துக்காகவே வந்து உட்கார்ந்திருக்கும். படுதா விழுந்ததும் விசில் பறக்கும்.

அப்புறம் குழு கலைந்தது. நான் ஹட்டனில் தபால் கந்தோர் வேலைக்குப் போனேன். நீ கணக்கு டீச்சரானாய். நாடகத்தைப் பற்றி நாம் பேசியதே குறைவு. பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயம் அப்படியே மண்ணுக்குள் போன அந்த மழைக்குப் பிறகுதான் நீ என் வீட்டுக்கு வந்தாய். உன் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை அந்த மண்ணிலிருந்து எடுத்திருந்தார்கள். நீ குடையைக்கூட மடக்காமல் வாசலிலேயே நின்றாய்.

"அந்தக் கயித்த இழுத்தது நாந்தான் புள்ள. விசிலடிச்சப்போ சிரிச்சுக்கிட்டு நின்னேன். அந்த நாடகத்த நான் மறுபடி போடணும். இந்தத் தடவ மலை சரியக் கூடாது."

நீ சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. சனிக்கிழமைகளில் உன் பள்ளிக்கூட வகுப்பறையில் ஒத்திகை தொடங்கிய பிறகுதான் விளங்கியது. படுதா இல்லை, பளபளக்கும் உடுப்பு இல்லை, இருபது பேருக்குப் பதில் எட்டே பேர். ஒரு ஆர்மோனியம், ஒரு தப்பு மேளம். சிரிப்புப் பாட்டை வெட்டி எறிந்தாய். மலை சரிவதைக் காட்டாமல், காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டைக் காட்டினாய். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகப் பாடிக் கூப்பிடுகிறார், ஒவ்வொருவரும் பாடிப் பதில் சொல்கிறார்கள். செல்லாயி புருஷன் ராமசாமியின் பெயர் வருகிறது. தப்பு நிற்கிறது. யாரும் பதில் சொல்வதில்லை. அவ்வளவுதான். செல்லாயியும் கடைசியில் சாகவில்லை. எல்லோருக்கும் முன்னால் நின்று, ஏன் போகமாட்டேன் என்பதைத் தாளமில்லாமல், தனிக்குரலில் பாடி முடிக்கிறாள்.

கொழும்பில் போட்டோம். சபை எழுந்து நின்று கைதட்டியது. பத்திரிகையில் எழுதினார்கள். திரும்பி வரும் ரயில் வட்டவளையைத் தாண்டும்போது, இதைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோக வேண்டும் என்று நீ சொன்னாய். நான் மாட்டேன் என்றேன். இதுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்காத வார்த்தையைச் சொன்னது அப்போதுதான்.

"இதெல்லாம் கொழும்புக்குச் சரி. நம்ம ஆளுகளுக்கு வெளங்காது."

நீ ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பினாய். "நம்ம ஆளுகன்னா யாரு? நீயும் நானுமா, வேற யாருமா?"

ஹட்டனில் இறங்கியதும் நீ உன் வழி, நான் என் வழி போனோம். அதன் பிறகு உனக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாய். கண்டி ஆஸ்பத்திரியில் நான் உன்னைப் பார்க்க வந்த நாட்களிலெல்லாம், மருந்தைப் பற்றிக் கேட்டால் எந்தத் தோட்டத்தில் மண்டபம் இருக்கிறது என்று பதில் சொன்னாய். கடைசியாகப் பேசிய அன்றைக்கு நீ என்னிடம் சத்தியமெல்லாம் கேட்கவில்லை. டயகமவிலிருந்து ஆரம்பி, அது தூரம், அங்கே ஒருத்தரும் போகமாட்டார்கள் என்று மட்டும் சொன்னாய்.

டயகமவிலிருந்துதான் ஆரம்பித்தோம். அங்கே தோற்றோம்.

மண்டபம் நிறைந்திருந்தது. பழைய நாடகம் வருகிறது என்று கேள்விப்பட்டு வந்த கூட்டம். பாதிப் பேர் பிள்ளைகளுக்கு மலை சரிவதைக் காட்டுவதற்காகக் கூட்டி வந்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை கொட்டியது. ஒலிபெருக்கி இரைந்தது. பெரட்டுப் பாட்டில் தப்பு நின்றபோது, மறந்துவிட்டார்கள் என்று நினைத்து யாரோ சிரித்தார்கள். என் கடைசிப் பாட்டு முடியும்போது பின்வரிசைகள் காலி. குடையை விரித்துக்கொண்டு போகிற வழியில் ஒரு பெரியவர் என் முன்னால் நின்றார். கோபமாகக்கூட இல்லை. ஏமாந்த முகம்.

"மலை எங்கம்மா? கடைசி வரைக்கும் சரியவே இல்லையே."

மறுநாள் ஆர்மோனியக்காரர் படுதாவைத் திரும்பக் கட்டச் சொன்னார். கணக்கப்பிள்ளையாக நடித்தவரும் இன்னொருவரும் விலகிக்கொள்வதாகச் சொன்னார்கள். ரயிலில் நான் சொன்னது பலித்துவிட்டது. எனக்கு அதில் சந்தோஷம் கொஞ்சம்கூட இல்லை என்பதை நீ நம்ப வேண்டும். தபால்களைப் பிரித்துக்கொண்டே மூன்று நாள் யோசித்தேன். வெளங்காதது அவர்களுக்கா, எனக்கா? ஒரு காலைப் பெரட்டை, மழையில் அதிரும் மண்டபத்தில், முதுகுகளுக்குப் பின்னாலிருந்து பார்க்க வைத்தால் யாருக்குத்தான் விளங்கும்?

நான்காம் நாள் எல்லோரையும் கூப்பிட்டேன். படுதா வராது என்றேன். போகிறவர்கள் போகலாம், ஆறு பேர் போதும் என்றேன். மண்டபமே வேண்டாம், பெரட்டு நடக்கிற களத்திலேயே போடுவோம், வேலை விட்டு வருகிற நேரத்தில், பகல் வெளிச்சத்தில், சனம் நாலு பக்கமும் சுற்றி நிற்கட்டும் என்றேன். கணக்கப்பிள்ளை வேஷத்தை, குழுவில் மிஞ்சிய நம் டெய்லருக்குக் கொடுத்தேன். அப்புறம், நீ கோபப்படப்போகிற ஒரு காரியமும் செய்தேன். நீ வெட்டிய சிரிப்புப் பாட்டைத் திரும்பச் சேர்த்தேன். ஒழுகுகிற லயத்துக்குக் கூரைத் தகரம் கேட்டு ஒருவன் ஆபீசுக்கும் லயத்துக்கும் நடையாய் நடக்கிற பாட்டு. டெய்லரே அதையும் பாடினார். வேலை முடிந்து கால் கடுக்க நிற்கிறவர்கள் முதலில் சிரிக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. நீ இருந்திருந்தால் பெரிய சண்டை நடந்திருக்கும். நான் விட்டுக்கொடுத்திருக்கமாட்டேன்.

அடுத்தது லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டம். நாலரை மணி. பெண்கள் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றார்கள். கூரைத் தகரப் பாட்டுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கள் தோட்டத்து ஆபீசைப் பற்றித்தான் பாடுகிறோம் என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சத்தியம் பண்ணினாள். பிறகு பெரட்டுப் பாட்டு தொடங்கியது. டெய்லர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். சிரிப்பு தானாக அடங்கியது. தினமும் காலையில் அவர்கள் பெயரைக் கூப்பிடுகிற அதே இடம் அல்லவா?

"ராமசாமி."

தப்பு நின்றது. எட்டு எண்ணிவிட்டு அடுத்த பெயருக்குப் போக வேண்டும் என்று நீ வைத்த கணக்கு. நான் மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஐந்தோ ஆறோ இருக்கும். என் இடதுபக்கம் நின்ற ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், தணிந்த குரலில் பதில் சொன்னாள்.

"அவரு வரலைங்கய்யா."

நாடகம் என்பதை அவள் மறந்து சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள். டெய்லர் அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை. கூப்பிட முடியவில்லை. பிறகு நான் பாடத் தொடங்கினேன். நாலு பக்கமும் திரும்பித் திரும்பி, ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, கடைசி அடிவரை பாடினேன். கைதட்டல் இல்லை. அந்தப் பெண் என்னிடம் வந்து, செல்லாயி செத்துப்போகாமல் நின்றது நல்லது என்றாள். செத்திருந்தால் அவளுடைய பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டாள். நாம் இத்தனை வருஷம் ஆடிய நாடகத்தில் செல்லாயிக்குப் பிள்ளைகள் உண்டா என்று நீயோ நானோ ஒரு நாளும் யோசித்ததில்லை.

அதன் பிறகு ஐந்து தோட்டங்கள். எல்லாமே நன்றாகப் போயின என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஓரிடத்தில் மழை பாதியில் கலைத்தது. ஓரிடத்தில் களத்தைத் தரமாட்டோம் என்றார்கள், ரோட்டோரத்தில் போட்டோம். வலப்பனையில் சந்தை நாளில் போட்டபோது சிங்களக் குடும்பங்களும் நின்று பார்த்தன. வார்த்தை புரியாத ஒரு அம்மா, தப்பு நின்றதும் தன் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து அருகே வைத்துக்கொண்டாள். நாடகம் எடுபடுமா என்று கேட்பாயே, எடுபடுகிறது. போகிற இடமெல்லாம் அல்ல. போகப் போக.

போன வாரம், அன்றைக்கு மண்டபம் தந்த டயகமத் தோட்டத் தலைவருக்கு மறுபடி போன் எடுத்தேன். மண்டபம் இனிமேல் கிடையாது, ஆளும் வராது என்று மரியாதையாகவே சொன்னார்.

"மண்டபம் வேணாங்க. பெரட்டுக் களத்தத்தான் கேக்குறேன்," என்றேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார். மூன்று நாளாகப் பதில் வரவில்லை. நாளைக்கு நானே பஸ் ஏறிப் போய்க் கேட்கப்போகிறேன். களம் கிடைக்காவிட்டால் ரோடு இருக்கிறது. நீ இருந்தவரை நாடகத்தைக் கட்டி இழுத்தது உன் பிடிவாதம். அது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இப்போது அது என்னிடம் இருக்கிறது. என்னுடையதாகவே ஆகிவிட்டது, இனி அதைத் திருப்பிக் கேட்காதே.