தெருவுக்கே ஒரு மாடி

அக்டோபர் 14

இந்த வருஷமும் பாமணியாறு நிரம்பும் என்கிறார்கள். நிரம்பினால் எங்கள் தெருமுனையில் கரை தாழ்ந்த இடத்தில் வழிந்து உள்ளே வரும். வந்த தண்ணீர் வீடுகளுக்கு முன்னால் போகும் வடிவாய்க்காலில் இறங்கி, வயல் பக்கம் போய்விட வேண்டும். மூன்று வருஷமாகப் போவதில்லை. வீட்டுக்குள் வருகிறது.

தெருவில் மாடி உள்ள வீடு எங்களுடையது ஒன்றுதான். போன நவம்பரில் ஒன்பது குடும்பம், நாலு கேஸ் அடுப்பு, ஒரு வெள்ளாடு, எல்லாம் என் மாடியில். நான் முகம் சுளித்தேனா? இல்லை. ஆட்டைப் பார்த்து மட்டும் கொஞ்சம்.

எத்தனை வருஷம்தான் இப்படி? எவனோ வாய்க்காலை அடைத்திருக்கிறான். இந்தத் தெருவில் எதையும் நான்தான் செய்ய வேண்டும். மனு எழுதிவிட்டேன். “வாய்க்காலை மறித்துள்ள ஆக்கிரமிப்பை, யார் எவர் என்று பாராமல் உடனே அகற்றித் தர வேண்டுகிறோம்.” நன்றாக வந்திருக்கிறது.

அக்டோபர் 17

கையெழுத்து வாங்கப் போனேன். இவ்வளவு சுறுசுறுப்பை நான் ரேஷன் கடையில்கூடப் பார்த்ததில்லை. இளையபெருமாள் படித்துவிட்டு, நீங்களே எழுதியதா என்று இரண்டு தரம் கேட்டார். பெருமையாக இருந்தது. எதிர்வீட்டுப் பிரகதாம்பாள் தான் போட்டதோடு நில்லாமல், துணி துவைத்துக்கொண்டிருந்த மருமகளையும் ஈரக்கையோடு இழுத்து வந்தாள்.

என் வீட்டுக்காரர் மட்டும் போடவில்லை. காரைத் துடைக்க வேண்டுமாம். மகன் அப்சர் தோஹாவில் சம்பாதித்து வாங்கிய கார். அவன் லீவில் வந்தால்தான் ஓடும், இவருக்கு ஓட்டத் தெரியாது. துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 30

நாளை அதிகாரி அளக்க வருகிறார். வடைக்குப் பருப்பு வாங்கி வைத்தாயிற்று.

அக்டோபர் 31

டேப்போடு வந்தார். தெருமுனையிலிருந்து அளந்துகொண்டே வந்து எங்கள் வாசலில் நின்றார். வடைக்குத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன்.

மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன், தலை நிமிர்ந்து.

“நல்லதும்மா. ஆக்கிரமிப்பும் உங்களோடதுதான்.”

கார் ஏறுவதற்காக மூன்று வருஷம் முன்பு வாசலில் போட்ட சிமெண்ட் சரிவு. வாய்க்கால் மூணு அடி அகலம். சரிவுக்கு அடியில் இவர் வைத்தது ஆறு அங்குலக் குழாய். அதுலயும் பாதி மண்ணு. தெருவே நின்னு பார்த்துச்சு, ஒரு முகத்துலயும் ஆச்சரியமே இல்லை. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. இவருக்கும்தான். எனக்கு மட்டும் தெரியலை.

வடையை யாருக்கும் கொடுக்கவில்லை.

நவம்பர் 2

பிரகதாம்பாளிடம் போய்க் கேட்டேவிட்டேன், மூன்று வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: “சொல்லி நீங்க கோவிச்சுக்கிட்டா, தண்ணி வர்றப்ப நாங்க எந்த மாடிக்குப் போறது பாயம்மா?”

அவள் வீட்டுப் பின்சுவர் போன வருஷத் தண்ணீரில் ஊறிச் சாய்ந்து, மூங்கில் முட்டில் நிற்கிறது. இன்னொரு தரம் தண்ணீர் ஏறினால் விழுந்துவிடுமாம். உப்பு விலை சொல்வதுபோல் சொன்னாள்.

இடம் கொடுத்தேன், இடம் கொடுத்தேன்னு மூணு வருஷம் மார்தட்டிக்கிட்டேனே. தண்ணியை உள்ள அனுப்பினதே நான்தானே? வெட்கமா இருக்கு.

நவம்பர் 5

நோட்டீஸ் வந்தது. இடிக்க முப்பது நாள் அவகாசம். இவருக்கு ஒரே சந்தோஷம். மாதக் கடைசியில் அப்சர் வந்து ஆசைதீர ஓட்டிவிட்டுப் போகட்டும், அப்புறம் இடிக்கலாமாம். ஆறும் முப்பது நாள் அவகாசம் கொடுத்திருக்கிறதா என்று கேட்டேன். டிவியில் புயல் என்கிறார்கள். படித்துறையில் இரண்டு படிதான் வெளியே தெரிகிறது.

நவம்பர் 6

அப்சரிடம் போனில் சொன்னேன். அப்போ கார் எங்கே நிற்கும் என்றான். ரோட்டில் நிற்கும், மழை என்றால் என்னவென்று அதற்கும் தெரியட்டும் என்றேன்.

கடப்பாரை இருக்கிறதா என்று ஒரே ஒரு வீட்டில்தான் கேட்டேன். பத்து நிமிஷத்தில் ஏழு வந்தன. காரைப் பன்னிரண்டு பேர் தள்ளி வெளியே நிறுத்தினார்கள். முதல் அடி நான்தான் என்று சொல்லிவிட்டேன், தூக்க முடியவில்லை. பிரகதாம்பாள் பின்னாலிருந்து ஒரு கை பிடித்தாள்.

இவர் உள்ளே போய் ஃபேனைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார்.

நவம்பர் 10

காலையில் ஆறு வழிந்தது. தெருவுக்குள் வந்த தண்ணீர் கணுக்கால் அளவு ஏறி, வாய்க்காலில் இறங்கி வயல் பக்கம் போய்விட்டது. ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை. பிரகதாம்பாள் வீட்டுச் சுவர் நிற்கிறது.

மாடியைப் பெருக்கிக் கோரைப்பாய் எல்லாம் விரித்து வைத்திருந்தேன். ஒருத்தர்கூட வரலை. சந்தோஷப்படணும், படுறேன். ஆனா மத்தியானம் வரைக்கும் ஜன்னல்கிட்டயே நின்னேன், அதையும் எழுதித்தானே ஆகணும்.

பழக்க தோஷம், தெருவுக்கே தேங்காய்ச்சோறு ஆக்கிவிட்டேன். இரண்டு பேர் எவ்வளவு தின்பது? சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். மருமகள் நாற்காலி எடுக்க ஓடினாள். பிரகதாம்பாள் தடுத்துவிட்டாள்.

“தரையிலயே உட்காருங்க பாயம்மா. ஈரமே இல்லை.”

உட்கார்ந்தேன். எழுந்து வர மணி நாலாகிவிட்டது.