வேனுக்கு மாட்டின புது சார்ஜர்

மஹய்யாவ,
கண்டி.

அன்பு மகன் யுகேசுக்கு அம்மா எழுதுறது. பிள்ளையார் புண்ணியத்துல அப்பாவும் நானும் இங்க சுகமா இருக்கோம், நீயும் மருமகளும் அந்தக் குளிர்ல நோய்நொடி இல்லாம இருக்கணும்னு விளக்கேத்துறப்பல்லாம் நெனச்சிக்கிறேன். போன் இருக்கிறப்ப அம்மா ஏன் கடிதாசி எழுதுறான்னு யோசிக்காத, போன எடுத்தா அப்பா பக்கத்துல வந்து உக்காந்துடுறாரு, அவர வச்சிக்கிட்டு இதச் சொல்ல முடியாது. பெரியப்பா மக மதுஷா கனடா வர்றா இல்லையா, அவ கையில குடுத்து விடுறேன். முதல்லயே சொல்லிடுறேன், யாருக்கும் ஒன்னும் ஆகல, பயப்படாம படி.

அப்பா வேனுக்குள்ள கட்டில், சின்ன பிரிஜ், பேன் எல்லாம் வச்சு, டூரிஸ்ட்டுங்க உள்ளயே படுத்து எழும்பி ஊர் சுத்துற மாதிரி மாத்தினது உனக்குத் தெரியும். அதுல வச்ச லிதியம் பேட்டரிய வீட்டுக் கரண்ட்ல ஏத்துறதுக்கு எந்த சார்ஜர் வாங்கணும்னு நீ போன்ல சொன்ன, வயர் மாட்டுறதுக்குத் தெரிஞ்ச ஆளக் கூப்பிடுங்கன்னும் சொன்ன. அந்தக் கடைசிப் பேச்சுதான் அவருக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. நான் வேன் ஓட்டத் தொடங்கினப்ப இவன் பொறக்கவே இல்லன்னு சொல்லிக்கிட்டே போயி, ஒரு கராஜ்ல கெடந்த பெரிய சார்ஜரக் கொண்டாந்தாரு. பெருசா இருந்தா சீக்கிரம் ஏறுமாம். வீட்டுல லைட்டுக்கு இழுத்து மிஞ்சின மெல்லிசு வயர வச்சு அவரே மாட்டினாரு, பியூஸும் வைக்கல.

மறுநாள் ஒரு வெள்ளைக்காரப் புருசன் பொஞ்சாதி வேன எடுக்க வர இருந்தாங்க. தொவச்ச பெட்சீட்ட விரிக்கலாம்னு முந்தின நாள் சாயங்காலம் போறேன், உள்ள பிளாஸ்டிக் கருகுற நாத்தம், கட்டிலுக்குக் கீழ பொகை. அப்பா வாளித் தண்ணியோட ஓடியாந்தாரு, தண்ணி ஊத்தாதீங்கன்னு கத்திட்டு நான் வீட்டுக்குள்ள ஓடி சுவிச்ச அணைச்சேன். அதுக்குள்ள அவரு பேட்டரியில மாட்டியிருந்த வயரப் புடிச்சு இழுத்துட்டாரு, உள்ளங்கை கொப்பளிச்சுப் போச்சு. மெத்தை ஓரம் கருகினதோட நின்னுடுச்சுப்பா. அந்த வெள்ளைக்காரப் புள்ளைங்க உள்ள தூங்குறப்ப நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்? அப்பா சோறு வேணாம்னுட்டாரு, வேன வித்துடலாம் தவமணின்னு மட்டும் சொன்னாரு.

நான்தான் மடவளை அரூஸ் நாநாவக் கூப்பிட்டேன், வாகனத்துக்கு வயரிங் பாக்குறவரு. வந்து பாத்துட்டுத் திட்டல, மெல்லிசு வயர்தான் தாங்காம கருகியிருக்கு, பேட்டரி தப்பிச்சிடுச்சு அண்ணேன்னாரு. அப்புறம் ரெண்டு பேரும் டவுனுக்குப் போனாங்க. முதல் கடையில எந்த சார்ஜரா இருந்தாலும் சரிதான்னு சொன்னாங்களாம், அப்பாவே பெட்டியத் திருப்பிப் பாத்து இது லிதியத்துக்கு இல்லையேன்னு வச்சிட்டு வந்தாராம். அடுத்த கடையில நீ சொன்ன மாதிரியே ஒன்னு கெடைச்சுது, பேட்டரி தாங்குற அளவுதான், முந்தினதுல பாதிகூட இல்ல. இப்ப நல்ல தடிச்ச வயர், பேட்டரி கிட்டவே பியூஸ், சார்ஜர் காத்துப் படுற எடத்துல தனியா இருக்கு. அரூஸ் நாநா மாட்ட மாட்ட அப்பா டோர்ச் புடிச்சாரு. கரண்ட் போட்ட பொறகு நான் வயரத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன், சூடே இல்ல, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

வெள்ளைக்காரங்க ஒரு நாள் பிந்திப் போனாலும் மொகம் சுளிக்கல. ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலை மலைக்குள்ள நிப்பாட்டி இருந்துட்டு நல்லபடியா வந்து சேர்ந்தாங்க, பிரிஜும் பேனும் ஒரு தடவகூட நிக்கலையாம். அப்பா அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாரு. கையும் ஆறிடுச்சு, கவலப்படாத.

ஒன்னு சொல்லணும். அரூஸ் நாநாவுக்குத் தேத்தண்ணி ஆத்திக்கிட்டு இருக்கேன், அப்பா அவருகிட்ட, இதையெல்லாம் என் மகன் அப்பவே சொன்னான், நான்தான் கேக்கலன்னாரு. உன்கிட்ட ஒருக்காலும் சொல்ல மாட்டாரு.

நீயும் மருமகளும் நூறு வருசம் நல்லா இருங்க. குளிர்ல காத மூடாம வெளிய போகாத. ஞாயித்துக்கிழம அப்பாவுக்குப் போன் எடு. சார்ஜர் கதைய அவரே தொடங்குவாரு, கடை கடையாப் பாத்துத் தானே தெரிஞ்சு எடுத்த மாதிரி சொல்லுவாரு. குறுக்க பேசாம, இப்பதான் மொதல் மொதல்ல கேக்குற மாதிரி கேளு.

உன்னையே நெனச்சிக்கிட்டு இருக்கிற,
அம்மா தவமணி