மேல்தட்டு டப்பாவின் பயறு

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நானும் நம் வாலுப் பெண்ணும் வேளைக்குச் சாப்பிடுகிறோம். நலம் என்று சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. போன் போட்டால் உன் அக்காதான் எடுக்கிறார். "அவ பேசற நிலைமையில இல்ல" என்கிறார். அதனால்தான் கடிதம். லிஃப்ட் மெக்கானிக் கையெழுத்து, கோழி கிளறினது போல் இருக்கும். பொறுத்துக்கொள்.

வாலுவுக்குப் பள்ளியில் ஒரு சோதனை கொடுத்தார்கள். கண்ணாடி டம்ளரில் ஈரப் பஞ்சு, அதில் பத்துப் பயறு, தினமும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நீ இருந்திருந்தால் நீயே பார்த்துக்கொண்டிருப்பாய். நான் சமையலறையைக் குடைந்து, மேல்தட்டில் பின்னால் கிடந்த ஒரு டப்பாவில் பச்சைப்பயறைக் கண்டுபிடித்தேன். பெரிய சாதனை செய்தவன் மாதிரி எண்ணிக் கொடுத்தேன். அவளே பஞ்சில் வைத்தாள். மூக்கு டம்ளரில் ஒட்டும்படி உட்கார்ந்தே இருந்தாள்.

முதல் நாள், "ஒன்றும் இல்லை." இரண்டாம் நாளும் அதேதான். ஐந்தாம் நாள், "நாற்றம்." தண்ணீர் கூடிவிட்டது என்றேன், வெயில் போதவில்லை என்றேன். வாலு தூங்கிய பிறகு எதிர்வீட்டு டெய்லர் அக்கா ஒன்றை நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது வறுத்ததுப்பா, இது எங்க முளைக்கும்?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு மாதம் ஆனதும் நம் குட்டிப்பயலுக்குக் கஞ்சிமாவு அரைக்க நீ வறுத்து வைத்தது. அவனுக்கு ஆறு மாதம் ஆகவே இல்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். உன் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன்தான்.

அழுது முடித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாம் தொழில் புத்தி. பழுதானதைக் கழற்று, வேறு மாட்டு, ஆள் வருவதற்குள் ஓடவிட்டுக் காட்டு. கடையில் பயறு வாங்கி, ஒர்க்‌ஷாப்பிலேயே ஊறப்போட்டு, ஈரத்துணியில் கட்டி வைத்தேன். முளை விட்டதும், அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் பத்தையும் மாற்றினேன். அழுகியதைக் குப்பையில் போட்டேன்.

சாயங்காலம் அவள் போட்ட கூச்சலில் டெய்லர் அக்கா பதறி ஓடி வந்துவிட்டார். குதித்து ஓய்ந்த பிறகு என் மடியில் ஏறிக் காதில் சொன்னாள்: "அப்பா, தம்பி ஆஸ்பத்திரியில இல்ல, செத்துட்டான்னு எனக்குத் தெரியும். பரவால்ல, பயறு செத்துப்போய்த் திரும்ப வந்துச்சுல்ல? அவனும் வருவான்." ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று நாம் சொன்ன பொய்யை, நாம் வருத்தப்படக் கூடாதென்று, இத்தனை வாரமாக அவள் நம்புவது போல் நடித்திருக்கிறாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மாற்றி வைத்ததைச் சொன்னேன். தம்பி வரமாட்டான் என்றும் சொன்னேன். பழைய பயறு எங்கே என்று கேட்டாள். குப்பையில் என்றேன். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "தம்பியையும் இப்படித்தான் மாத்துவீங்களா?" என்றாள்.

அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, "இன்னொண்ணு பெத்துக்கலாம், விடு" என்று நான் உன்னிடம் சொன்னேன். தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தேன். மறுநாளே நீ ஏன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய் என்று புரியாமல் ஐந்து வாரமாக உன்மேல் கோபத்தில் இருந்தேன். ஏழு வயதுப் பெண் கேட்ட பிறகுதான் புரிந்தது. மன்னித்துவிடு என்று எழுதக்கூடக் கூசுகிறது. தப்பு என்னுடையது.

"வறுத்த பயறு முளைக்காது. அப்பா வேறு வைத்தார்" என்று நோட்டில் எழுதி டீச்சரிடம் காட்டிவிட்டாள். முளைத்ததை எல்லாம் டெய்லர் அக்காவிடம் கொடுத்துவிட்டாள். அது நம் வீட்டில் வேண்டாமாம்.

டப்பாவில் மீதி இருக்கிறது. மூடியை இறுக்கி, நீ வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்று தினமும் கேட்கிறாள். அம்மா வந்து சொல்லட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். வந்தால் போதும். இந்த முறை உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுகிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
வாலுவுக்கும் குட்டிப்பயலுக்கும் அப்பா