ஆறாத தந்தூர் அடுப்பு

இசெசாகி, ஜப்பான், தசைன் பண்டிகையின் திலக நாள், சனிக்கிழமை மாலை

அன்புள்ள பூமிசரா அக்காவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, கடை மேசையில் உட்கார்ந்து உன் தங்கை சிர்ஜனா எழுதுவது. நடந்ததை எல்லாம் உள்ளது உள்ளபடியே எழுதப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நேபாளத்தில், பாக்லுங்கில் நீயும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அப்பா சொன்ன முதல் வரி. இரண்டாவது வரியாகக் கடை நன்றாக ஓடுகிறது என்று எழுதச் சொன்னார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அம்மா அடுப்புப் பக்கத்திலிருந்து, "போன்லதான் வாராவாரம் அளந்தாச்சு, கடுதாசியிலயுமா? அவ பள்ளிக்கூட வேலைய விட்டுட்டு இங்க படிக்க வரேன்னு நிக்கிறா" என்றாள். அப்பா வெகுநேரம் மேசைத் துணியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, உள்ளத எழுதும்மா" என்றார்.

உள்ளது இதுதான் அக்கா. அப்பா சமையல் செய்த இந்தச் சாப்பாட்டுக் கடையை ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதியே மூடிவிட்டார்கள். முதலாளி சாவியை அப்பா கையில் கொடுத்து, கட்டட வாடகைக் கெடு அக்டோபர் நடுவில்தான் முடிகிறது, அதுவரை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனவர், பிறகு போனையே எடுக்கவில்லை. அப்பா மறுநாளும் வழக்கம்போல் ஒன்பது மணிக்குக் கிளம்பினார், அதற்கடுத்த நாளும். வேலை தேடத்தான் போகிறார் என்று நினைத்தோம். அவர் கடைக்குப் போய், மிச்சமிருந்த கரியைப் போட்டுத் தந்தூர் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மண் அடுப்பு ஆறிக் கிடந்தால் இந்த ஊர் ஈரத்துக்கு வெடித்துவிடுமாம். அதோடு, அடுப்பு எரிகிற வரைக்கும் தான் வேலையில்தான் இருக்கிறோம் என்று அவருக்கு ஒரு எண்ணம். சமையல்காரர் என்று கொடுத்த விசா, அவர் சமையல்காரராகத்தானே இருக்கிறார் என்று கேட்டார்.

உயர்நிலைப் பள்ளி விண்ணப்பத்துக்கு எங்கள் வசிப்பு அட்டைகளின் நகல் கேட்டார்கள். அதற்காக நகராட்சி அலுவலகத்துக்குப் போனபோதுதான் அங்கிருந்த ஒரு தாளைப் படித்தேன். வேலை போனால் பதினான்கு நாளுக்குள் குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதித் தர வேண்டும். மூன்று மாதம் அந்த வேலையைச் செய்யாமல் இருந்தால் விசாவையே எடுத்துவிடலாம். அப்பாவின் விசா போனால் அம்மாவுடையதும் என்னுடையதும் கூடவே போய்விடும், பிப்ரவரியில் நான் எழுத வேண்டிய தேர்வும் போய்விடும். பதினான்கு நாள் எப்போதோ கடந்திருந்தது. அன்று மாலை ருத்ரா மாமா வந்தார். அவரும் பக்கத்து ஊர்க் கடையில் சமையல்காரர்தானே, எல்லாம் தெரிந்தவர் மாதிரி, "கடை மூடுனது செப்டம்பர் இருபத்தஞ்சுன்னு போட்டுடு தில்பகதூர். அடுப்பு எரிஞ்சுது, நீ நின்ன. பொய்யா அது? கரியா வந்து சாட்சி சொல்லப்போகுது?" என்றார். அப்பா படிவத்தை என் பக்கம் தள்ளினார். வீட்டில் ஜப்பானிய எழுத்து எழுதத் தெரிந்தவள் நான் மட்டும்தான். அந்தத் தேதி என் கையெழுத்தில் இருக்கும் அப்பா என்று மட்டும் சொன்னேன், அழக்கூடாது என்று நினைத்தும் அழுதுவிட்டேன். அப்பா எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, "ஆகஸ்ட் முப்பத்தொண்ணுன்னே எழுது" என்றார்.

அக்டோபர் மூன்றாம் தேதி குடியேற்ற அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அம்மாள் ஏன் பத்தொன்பது நாள் தாமதம் என்று கேட்டார். அப்பா தனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில், "அடுப்பு, தினமும், தீ" என்றார். மிச்சத்தை நான் சொன்னேன். யாருக்காவது விற்றீர்களா, யாராவது கூலி கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றோம். காரணத்தை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். தாமதம் தாமதம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, இனிமேல் வேலை கேட்டுப் போகிற கடைகளை எல்லாம் குறித்து வையுங்கள், உண்மையாகவே தேடுகிறீர்கள் என்பதற்கு அது சான்று, நவம்பர் முடிவதற்குள் ஒப்பந்தத்தோடு வரப் பாருங்கள், சமையலைத் தவிர வேறு வேலைக்கு மட்டும் போய்விடாதீர்கள் என்றார். அம்மா வெளிறிப்போனாள். அடுத்த திங்கள்கிழமை முதல் தன்னோடு சாப்பாட்டுப் பொட்டலத் தொழிற்சாலைக்கு அப்பாவையும் அழைத்துப் போகப் பேசி வைத்திருந்தாள்.

பதினொரு கடை ஏறி இறங்கினார். என் நோட்டில் பதினொன்றும் இருக்கின்றன. நாற்பத்தொன்பது வயது, தந்தூர் மட்டும்தானா என்று கேட்டார்கள். போன புதன்கிழமை பக்கத்தில் ஹோன்ஜோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கங்கா ஷேர்சன் என்ற அம்மாள் கட்டடக்காரர் விற்கப் போட்ட இந்தக் கடையின் மேசை நாற்காலிகளை வாங்க வந்தார். போகிற போக்கில் அடுப்புக்குள் கையை விட்டுவிட்டு வெடுக்கென்று எடுத்தார். "மூடுன கடையில அடுப்பு சுடுது! ஒரு கீறல்கூட இல்ல. யாரு அண்ணே இத வச்சுப் பாத்துக்கிட்டது?" என்றார். அம்மா வீட்டுக்கு ஓடிப்போய் மாவு கொண்டு வந்தாள். நம் ஊரில் யாரும் சாப்பிடாத, தட்டைத் தாண்டித் தொங்குகிற அந்த நான் ரொட்டியை அப்பா சுட்டுக் கொடுத்தார். அந்த அம்மாள் நின்றபடியே முழுவதையும் தின்றுவிட்டு, "அடுப்ப நான் எடுத்துக்கிறேன். அடுப்போட ஆளும் வருவாரா?" என்றார். ஆகஸ்டுக்குப் பிறகு அப்பா சிரித்தது அன்றுதான். ஆனாலும் ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை அக்கா, இந்த மாதக் கடைசியில் என்று கங்கா அம்மாள் சொல்லியிருக்கிறார், அதன் பிறகும் குடியேற்ற அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை சித்தப்பா வீட்டில்கூடச் சொல்ல வேண்டாம் என்கிறார் அப்பா.

இனி அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "கண்ணு, இந்த வருசம் தசைனுக்கு வரேன்னு சொல்லி ஏமாத்திட்டேன். கடை ஓடுதுன்னு சொன்னதும் பொய்யி. அத நம்பி வேலைய விட்டுறாத, ராஜினாமாக் கடுதாசி எழுதியிருந்தா கிழிச்சுப் போடு. உனக்கு ராத்திரி இருமல் இருக்குன்னு உங்கம்மா சொன்னா, வெந்நி குடி. நூறு வயசு நல்லா இரு." அரிசியும் தயிரும் குழைத்த திலகத்தை இந்தக் காகித மடிப்பில் அப்பா தன் விரலால் அழுத்தி வைத்திருக்கிறார், காய்ந்திருந்தால் கொஞ்சம் தயிர் விட்டு நெற்றியில் வை. கூட இருக்கும் மஞ்சள் நிறப் பார்லி முளைகள் நீ தசைனுக்குத் தலையில் சூட, அவற்றை அம்மா அடுப்புக்குப் பின்னால் இருந்த இருட்டு மூலையில் வளர்த்தாள், இவ்வளவு உயரம் ஊரில்கூட வளர்ந்ததில்லை. ராஜினாமாவைக் கொடுத்துவிடுவதற்குள் நீ படித்தாக வேண்டும் என்பதால் இதைப் படம் எடுத்து இன்றே போனில் அனுப்புகிறேன், தாள் பின்னால் வரும்.

ஆசீர்வாதம் மாறாத உன் அப்பா
தில்பகதூர் புன்
(கையெழுத்து அவரே போட்டது)

அடுப்பை ஏற்றிப்போக நாளை மறுநாள் வண்டி வருகிறது, அதற்குள் ஆறியிருக்க வேண்டும் என்பதால் இன்று கரி போடவில்லை. அப்பா அதன் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறார், இன்னும் இளஞ்சூடாக இருக்கிறதாம். இந்த வரியை வாசலில் இருக்கும் குளிர்பானம் விற்கும் இயந்திரத்தின் வெளிச்சத்தில் எழுதுகிறேன், அம்மா கடை விளக்குகளை அணைத்துவிட்டாள்.