அரிக்கேன் கட்டிய பிக்கப் வண்டி

திருத்தணி,
விய வருஷம் ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி கஜபதிக்கு,

இங்கே உன் நைனாவும் நானும் எருமையும் சௌக்கியம், வண்டி மட்டும் சௌக்கியமில்லை. ஜபல்பூர்க் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் மலைமேல் இருக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும். நான் உனக்குக் கடிதம் எழுதுவதே அதிகப்பிரசங்கித்தனம், முதலில் அதற்கு மன்னித்துக்கொள். உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள், உன் அம்மா இருந்த இடத்துக்கு வந்தவள், வந்த சூட்டிலேயே நீ பட்டாளத்துக்குக் கிளம்பிவிட்டதால் நாம் இதுவரை பேசிக்கொண்டது மோர் வேண்டுமா, வேண்டாம் என்கிற அளவில்தான். நீங்கள் என்று எழுதினால் சர்க்காருக்கு மனு போடுவதுபோல் இருக்கிறது, அதனால் நீ என்றே எழுதுகிறேன். மனு எழுதி எழுதிக் கை அதற்கே பழகிவிட்டது. பள்ளிப்பட்டில் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக பி.ஏ. தேறியவள் நான், அந்தக் குற்றத்துக்காக எந்த மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் வாசல்படி ஏறவில்லை. உன் நைனா துணிந்து ஏறினார், பெட்ரோல் ரேஷன் கூப்பனுக்கு இங்கிலீஷில் எழுத வீட்டிலேயே ஒரு ஆள் கிடைக்கும் என்று. அந்த வகையில் அவர் ஏமாறவில்லை.

உன் சிநேகிதன் வேணு போன வாரம் வந்திருந்தான். பட்டாளத்து வண்டிகளுக்கெல்லாம் நீதான் ஒயரிங் பார்க்கிறாய் என்றும், தை மாதம் இன்னும் சில வருஷம் பட்டாளத்திலேயே இருக்கக் கையெழுத்துப் போடப்போகிறாய் என்றும் சொன்னான். ரொம்ப சந்தோஷம். அங்கே அத்தனை வண்டிகள் உன் புண்ணியத்தில் பளிச்சென்று ஓடும்போது இங்கே உன் வீட்டுப் பிக்கப் வண்டி கண் தெரியாமல் ஓடுகிறது, அதையும் உன் காதில் போட்டு வைக்கலாமே என்று தோன்றியது. உன் நைனாவிடம் சேதியைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "போடட்டுமே, அவன் எங்கியோ நல்லா கீறான், நமக்கு இன்னா" என்றார். அப்புறம் அந்தச் சோற்றைப் பிசைந்துகொண்டேதான் இருந்தார், சாப்பிடவில்லை.

வண்டியின் வியாதியைச் சொல்கிறேன் கேள், உனக்குப் புரியும். ஹாரன் அடித்தால் முன்விளக்கு மங்குகிறது. பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் பக்கத்துச் சின்ன பல்பு எரிகிறது. எஞ்சினைக் கிளப்புகிற சோக் கம்பியை இழுத்தால் அடுப்பிலிருந்து எடுத்த கரண்டி மாதிரி சுடுகிறது. மேடுபள்ளத்தில் குதித்தால் எல்லாம் அணைகிறது, இன்னொரு பள்ளத்தில் குதித்தால் எல்லாம் வருகிறது. உன் நைனா இதையெல்லாம் வண்டியின் குணவிசேஷமாக எடுத்துக்கொண்டுவிட்டார், பள்ளம் தேடி ஓட்டுகிறார். ஸ்டேஷன் பக்கம் ஷெட் வைத்திருக்கும் எல்லப்பன் வந்து பார்த்து, "டைனமோ பூட்ச்சிண்ணா" என்று டைனமோவை மாற்றினான். சரியாகவில்லை என்றதும் "அப்ப பேட்டரி பூட்ச்சிண்ணா" என்று பேட்டரியை மாற்றினான். அதற்கும் சரியாகவில்லை என்றதும் ப்யூஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுருட்டி வைத்தான், அதற்குப்பின் வண்டியில் ஊதுவத்தி இல்லாமலே புகை வந்தது. அவனுக்கு இன்னும் மாற்ற மிச்சமிருப்பது உன் நைனா மட்டும்தான். பக்கத்து வீட்டுக் கௌரியம்மாளுக்கு ஆரம்பத்திலிருந்தே காரணம் தெரியும். "கண்ணு பட்டுக்கீது, பூசணிக்கா சுத்தி ஒடைங்கன்னா கேக்கறீங்களா" என்றாள். உடைத்தோம். அன்றைக்குப் பின்விளக்கும் போயிற்று.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, போன வாரம் வரைக்கும். அம்மையார்குப்பத்து நெசவாளர்களுக்கு நூல் மூட்டை இறக்கிவிட்டுப் பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பியிருக்கிறார். கே.ஜி.கண்டிகை தாண்டி வளைவில் விளக்கு மொத்தமாக அணைந்து, வண்டி ரஸ்தாவை விட்டு இறங்கி வேர்க்கடலைக் கொல்லைக்குள் போய் நின்றிருக்கிறது. நெற்றியில் காயத்தோடு வந்தவர், கடலை எப்படிக் காய்த்திருக்கிறது என்று பார்க்கப் போனேன் என்றார். கொல்லைக்காரர் துளசிங்கம் பின்னாலேயே வந்து, "கடலைய பாக்கணும்னா ஏறங்கி வந்து பாக்கறது, வண்டியோடவா வர்றது?" என்று கேட்டதில் அந்தக் கதை முடிந்தது. இப்போது இவர் கண்டுபிடித்திருக்கிற வைத்தியம், வண்டிக்கு முன்னால் கயிற்றால் ஒரு அரிக்கேன் விளக்கைக் கட்டிக்கொள்வது. பெட்ரோலில் ஓடுகிற வண்டிக்கு மண்ணெண்ணெய் விளக்கு. மாட்டுவண்டிக்காரர்கள் இவருக்கு வழிவிட்டுச் சிரிக்கிறார்கள். அந்தக் கொல்லைக்கு அடுத்த கொல்லையில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒன்று இருக்கிறது, உனக்கும் தெரிந்திருக்கும். எனக்கு இப்போது கண்ணை மூடினால் அந்தக் கிணறுதான் தெரிகிறது.

கிருத்திகைக்கு அவர் மலைக்குப் போயிருந்தபோது நீ விட்டுப்போன பெட்டியைத் திறந்தேன், இதற்கும் மன்னித்துக்கொள். ஒரு பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்துச் சுருட்டி வைத்திருந்தாயே, அதை எடுத்துக்கொண்டேன். காலேஜில் தர்க்க சாஸ்திரம் படித்தேன், பரீட்சைக்கு அப்புறம் அதற்கு வந்த முதல் உபயோகம் இது. ஒரு விளக்கு மட்டும் கெட்டால் அந்த விளக்கில் கோளாறு, எல்லா விளக்கும் சேர்ந்து பைத்தியம் பிடித்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு, இதற்கு பி.ஏ. கூட வேண்டாம். வண்டியின் துணி சுற்றிய ஒயர்களைக் கையால் தடவிக்கொண்டே போனேன், எலி கடித்த இடம் ஒன்று, சட்டத்தில் உராய்ந்து செம்பு தெரிந்த இடம் ஒன்று, இரண்டுக்கும் துணி சுற்றினேன், குணமில்லை. பிறகு உன் பல்பின் ஒயர்களைப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தேன், நன்றாக எரிந்தது. ஒன்றைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு மற்றதை வண்டியின் இரும்புச் சட்டத்தில் வைத்தேன், மினுக்மினுக்கென்று செத்துப் பிழைத்தது. அப்படியானால் பேட்டரி நல்லது, விளக்கும் நல்லது, பேட்டரியிலிருந்து பட்டையாக ஒரு ஒயர் போய்ச் சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறதே, அந்த எர்த் போல்ட்டில்தான் வழி அடைத்திருக்கிறது. துரு என்று நினைத்து ஸ்பானர் போட்டுக் கழற்றினேன்.

துரு இல்லை. பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் மஞ்சள் துணி ஒன்றை நாலாக மடித்து வைத்து இறுக்கியிருந்தது, அதன் நுனியில் ஒரு காசு முடிந்து தொங்கியது. நம் பக்கத்தில் மஞ்சள் துணியில் காசு முடிந்தால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சாமி படத்துக்குப் பக்கத்திலோ அரிசிப் பானையிலோ முடிந்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எர்த் போல்ட்டில் முடிந்து வைத்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விபூதியோடு வந்து நின்றார். "தொடாத, அத்த அப்டியே வையி" என்று அவர் போட்ட சத்தத்தில் எருமை எழுந்து நின்றது. அப்புறம் என்னைப் பார்க்காமல் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அவன்தானே சொன்னான், கரண்ட்டு எங்க போய் எரிஞ்சாலும் கடசீல இந்த போல்ட்டுக்குத்தான் திரும்பி வந்தாவணும்னு. அவன் ரயில் ஏறின அன்னிக்கே முடிஞ்சி வச்சேன். கஜா வந்து அவன் கையால அவுத்து மலை உண்டியல்ல போடட்டும்." துணி இருந்தால் கரண்ட் ஒழுங்காக வராது, இவ்வளவு கூத்தும் அதனால்தான் என்று விளக்கினேன். "ஆங், அது தெரியாமலா கீறேன்" என்றார், தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. சரி, முடிச்சு அங்கேயே இருக்கட்டும், ஒயரை மட்டும் வேறு போல்ட்டுக்கு மாற்றிவிடுகிறேன், ஒரு நொடி வேலை என்றேன். "வேற எடத்துக்குப் போச்சின்னா அப்பறம் இங்க எது வரும்? சாமிகிட்ட சொன்ன எடம் இது" என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்த மடிப்பிலேயே வைத்து அவரே ஸ்பானரால் இறுக்கினார். அவர் இல்லாதபோது நானே மாற்றிவிடலாம், கை வரவில்லை. மறுநாள் சாயங்காலம் அரிக்கேனைக் கட்டிக்கொண்டு பள்ளிப்பட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆக பட்டாளத்து மெக்கானிக்குக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கோளாறு இன்னதென்று கண்டுபிடித்தாயிற்று, சரிசெய்ய ஸ்பானர் இருக்கிறது, ஆள்தான் இல்லை. நமக்கு இன்னா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர் இத்தனை நாளாக எதை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார் என்பது உனக்குத் தெரியாமல் போகக்கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நீ தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஆசீர்வாதம் செய்கிற வயது எனக்கு இல்லை, ஆனாலும் உறவுமுறைக்கு அந்த உரிமை உண்டு, எடுத்துக்கொள்கிறேன். குளிருக்குக் காதில் துணி கட்டிக்கொள். பல் வலி என்று வேணு சொன்னான், கிராம்பு வை. நான் எழுதினேன் என்று நைனாவுக்கு எழுதிவிடாதே, முடிச்சைப் பற்றி உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம், வெட்கத்தில் மனுஷர் இரண்டு நாள் வீட்டுக்கே வரமாட்டார்.

ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன், கேட்காமலே தாள் முடியப்போகிறது. இந்த வீட்டில் நான் இருப்பதால் உனக்கு வரக் கூச்சமாக இருந்தால், நீ வருகிற நாட்களில் நான் பள்ளிப்பட்டில் என் அம்மா வீட்டில் இருந்துகொள்கிறேன், அதற்கு ஒரு காரணம் சொல்ல எனக்குத் தெரியும். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று நீ யோசிக்க வேண்டியதும் இல்லை. தையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை லீவு கேட்டு வந்துவிட்டுப் போப்பா.

இப்படிக்கு,
உன் நைனா வீட்டில் இருக்கும்
சுலோச்சனா